தொழுவத்திலிருந்து துருவம் வரை

வடமராட்சிப் பகுதிப் பாடசாலையொன்றில் நான் பௌதிகம் கற்பித்த காலத்தில் நிகழ்ந்தது இது. 1978ஆம் ஆண்டாக இருத்தல் வேண்டும். வெப்பவியற் பாடத்தைத் தொடங்கும் நாளில், பழைய சஞ்சிகையொன்றிலிருந்து வெட்டியெடுத்து மட்டையில் ஒட்டி வைத்திருந்த படமொன்றை வகுப்புக்குக் கொண்டுசெல்வது என் வழக்கம். எங்கும் வெண்பனி, நடுவே, நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து வைத்த பீப்பாயைப் போன்ற ஒரு குடில், கூரையைத் துளைத்துக்கொண்டு மேலெழும் ஒரு புகைக்குழாய், வாயிலிலே தாடியும் மீசையும் உறைந்துபோன இருவர். தென்துருவத்து ஆராய்ச்சியாளர் என்று படத்தின் கீழ் எழுதியிருந்தது. வெளியே மூச்சும் உறையும் குளிர். உள்ளே மனிதர் அமர்ந்து கணக்கெழுதக்கூடிய வெப்பம். இரண்டுக்குமிடையே ஒரு போர்வை. கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் ஆகிய மூன்றையும் விளக்குதற்கு இதனினும் நல்ல படம் எனக்குக் கிடைத்ததில்லை.

அன்று பின்வாங்கிலிருந்த பையன் ஒருவன் எழுந்தான்.

"சேர், இந்தக் கொட்டிலை ஆர் செய்தது?"

"விஞ்ஞானிகள்தான் செய்திருப்பினம்."

"அதில்லை சேர். கையாலை செய்தவை ஆர்?"

"தம்பி, அது சோதினைக்கு வராது. இரும்."

வகுப்புச் சிரித்தது. அந்தப் பையனின் தந்தையார் ஊரிலே கம்மாலை வைத்திருந்தவர். மண்வெட்டிக்கும் அலவாங்குக்கும் முனை வைப்பதும் வண்டிற் சில்லுக்குப் பட்டம் போடுவதும் அவர் தொழில். 'கை' என்ற சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டதும் வகுப்பு ஏன் சிரித்தது என்பது எனக்கு நன்கு தெரியும். தெரிந்திருந்தும் நான் அந்தச் சிரிப்பை அடக்கவில்லை. என் முகத்திலும் அதன் நிழல் படிந்திருக்கக்கூடும். அவன் அமர்ந்தான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன்.

அவன் கேட்ட கேள்விக்கு விடையை நான் தேடியது ஓய்வு பெற்ற பின்னர். தேடிக் கண்டபோது எனக்கு உண்டான வெட்கத்தைச் சொல்லாமல் இருத்தல் நேர்மையாகாது. அக்குடிலைச் செய்தோர் மாட்டுக்கொட்டிலுக்கு வேண்டிய தளபாடங்களைச் செய்து விற்ற ஒரு சிற்றூர்த் தொழிற்சாலையார்.

ஐக்கிய அமெரிக்காவின் வட பாகத்தில், பேரேரிகளின் கரையில், விஸ்கொன்சின் என்னும் மாநிலம் உளது. அதன் தலைநகரான மடிசனிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 35 மைல் தொலைவில், றொக் ஆற்றங்கரையிலே போர்ட் அட்கின்சன் என்ற ஊர் அமைந்துள்ளது. ஊரின் பெயரில் கோட்டை இருப்பினும் அவ்வூர் புகழ் பெற்றது கோட்டையால் அன்று, பசுவால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விஸ்கொன்சின் கோதுமை விளையும் நாடாக இருந்தது. ஆண்டுதோறும் அதே நிலத்தில் அதே பயிரை விதைத்து விதைத்து மண் சோர்ந்தது. பூச்சி வேறு வந்து சேர்ந்தது. கோதுமையை நம்பியிருந்த குடியானவர் கடனாளிகளாயினர். அப்போது, கோதுமையை விடுங்கள், பசுவை வளருங்கள் என்று ஊரூராகச் சென்று பேசிய பத்திரிகையாளர் ஒருவர் போர்ட் அட்கின்சனில் வாழ்ந்தார். வில்லியம் டெம்ஸ்ரர் ஹோர்ட் என்பது அவர் பெயர். 1885இல் பாற்பண்ணையாளர்க்கென ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். 1889 முதல் 1891 வரை அம்மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். தமது தொழுவத்தில் வேலை செய்வோர் ஒவ்வொரு பசுவையும் ஒரு தாயை நடத்துவதுபோல் நடத்தல் வேண்டும் என்று எழுதித் தொங்கவிட்டவர் இவர். பசுவைத் தாயென்று சொல்லும் வழக்கம் நமக்கு மாத்திரம் உரியது என்று எண்ணியிருந்த எனக்கு இச்செய்தி ஒரு சிறு பாடமாயிற்று.

பசுவைத் தாயென்று சொல்லுதல் எளிது. அத்தாயை விஸ்கொன்சின் மாரிகாலத்தில் உயிரோடும் பாலோடும் வைத்திருத்தல் எளிதன்று. நமது மாட்டுக்கொட்டிலுக்கு நான்கு கப்பும் கிடுகுக் கூரையும் போதும். காற்று நாற்புறமும் வந்து போகும். அங்கே மாதக்கணக்காக நிலம் உறைந்து கிடக்கும். மாட்டைக் கட்டடத்துக்குள் அடைத்துக் கதவைச் சாத்தினாலன்றி அது பிழைக்காது. சாத்தினாலோ வேறொரு தொல்லை. மாடு ஓர் உயிருள்ள அடுப்பு. அதன் உடல் வெப்பம் தொழுவத்தைச் சூடாக்கும். அதன் மூச்சிலும் சாணத்திலும் எழும் ஈரம் தொழுவத்தை நிறைக்கும். அந்த ஈரம் சுவரிலே படிந்து பனியாக உறையும், மூச்சுக்காற்றுக் கெடும், கயரோகம் மாட்டுக்கு மாடு தொற்றும். காற்றை உள்ளே விட்டால் வெப்பம் போய்விடும். வெப்பத்தைக் காத்தால் காற்றுக் கெட்டுவிடும். பனிநாட்டுக் குடியானவனுக்கு இஃது ஏட்டுக் கணக்கன்று, பிழைப்புக் கணக்கு.

இக்கணக்கை எடுத்துத் தீர்த்தவர் மடிசன் நகரிலுள்ள விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பௌதிகப் பேராசிரியராக இருந்த பிராங்கிளின் ஹைரம் கிங். 1888ஆம் ஆண்டு அப்பதவியை ஏற்றவர். பசுந்தீனைச் சேமிக்கும் உருளை வடிவக் கோபுரத்தை அமைத்துப் பரப்பியவரும் அவரே. தொழுவக் காற்றோட்டத்துக்கு அவர் வகுத்த முறை மிகவும் எளியது. ஆனால் எளிமையிலேயே நம்மைச் சிறிது நிறுத்தி எண்ண வைப்பது. புதுக்காற்று நுழையும் வாயை வெளிச்சுவரில் தாழ்வாக வைத்தார். அக்காற்றைச் சுவருக்குள்ளேயே மேலேற்றி, உள்ளே கூரைக்கு அண்மையில் திறந்துவிட்டார். கெட்ட காற்று வெளியேறும் குழாயை உட்புறத்தில் தரைக்கு அண்மையில் தொடங்கி, கூரைக்கு மேலே கொண்டுபோய் முடித்தார். நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். சூடான காற்று மேலேதானே நிற்கிறது, மேலே ஒரு துளை போட்டால் போதாதா என்போம். துளை போட்டால் அருமையாகச் சேர்ந்த வெப்பமெல்லாம் முதலில் அவ்வழியே போய்விடும் என்பதை மறந்துவிடுவோம். கிங் அவர்களின் முறையிலே, கூரையடியிற் சேர்ந்த வெப்பக்காற்று நுழைவாயின் வழியாக வெளியேற வேண்டுமானால் அது சுவருக்குள் கீழ்நோக்கி இறங்க வேண்டும், வெப்பக்காற்று இறங்காது. வெளியேறுவதோ தரையிலே தங்கும் குளிர்ந்த காற்று. மேற்காவுகையை நான் முப்பது ஆண்டுகள் கற்பித்தேன். அதனை இவ்வளவு அழகாக வேலை வாங்கலாம் என்பதை ஒரு மாட்டுத்தொழுவத்தின் படத்தைப் பார்த்தே அறிந்தேன்.

1908இல் கிங் இதனை நூலாக வெளியிட்டார். வீடுகள், நாட்டுப்புறப் பாடசாலைகள், தொழுவங்கள் ஆகிய மூன்றுக்கும் உரிய காற்றோட்டம் என்பது அந்நூலின் பொருள். தலைப்பிலேயே மூன்றும் நிரையாக நிற்கின்றன. பாடசாலையையும் தொழுவத்தையும் அருகருகே வைத்தமைக்காக எந்த ஆசிரியரும் அங்கே அவமானப்பட்டதாகத் தெரியவில்லை. கன்றும் பிள்ளையும் மூச்சு விடுகின்றன. இரண்டுக்கும் காற்று வேண்டும். இவர் 1909இல் சீனா, கொரியா, யப்பான் ஆகிய நாடுகளுக்குச் சென்று, நாலாயிரம் ஆண்டுகளாக மண் சோராமல் பயிர் செய்யும் வித்தையை அந்நாட்டு உழவரிடம் கேட்டறிந்து எழுதிய நூல் வேறொரு காரணத்தால் இன்று புகழ்பெற்றது. உழவனிடம் மாணவனாகச் சென்ற பேராசிரியர் என்று அவரைச் சொல்லலாம்.

இத்தகைய அறிவு காற்றிலேயே கலந்திருந்த அந்த மாநிலத்தில்தான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், போர்ட் அட்கின்சனிலே ஜேம்ஸ் உற்பத்திக் கம்பனி எழுந்தது. ஜேம்ஸ்வே என்பது அதன் விற்பனைப் பெயர். 'ஜேம்ஸின் வழி' என்று பொருள். மாட்டின் கழுத்தை இருபுறமும் மெல்ல அணைத்து நிற்கும் உருக்குச் சட்டங்கள், மாடு மூக்கால் அழுத்தினால் தண்ணீர் சுரக்கும் கிண்ணங்கள், உத்தரத்திலே தொங்கும் தண்டவாளத்தில் ஓடிச் சாணத்தை வெளியே கொண்டுபோகும் தொட்டிகள், காற்றோட்டக் குழாய்கள் ஆகியவற்றை அக்கம்பனி செய்தது. கருவியை விற்றதோடு நில்லாது, தொழுவத்தை எந்த அளவில், எந்தத் திசை நோக்கி, எத்தனை சாளரங்களோடு கட்டுவது என்று குடியானவருக்குப் படம் வரைந்தும் கொடுத்தது. பின்னர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பொறிகளிலும் இறங்கியது. இந்தப் பொறியை எண்ணிப் பாருங்கள். 21 நாட்கள், இரவென்றும் பகலென்றும் பாராமல், ஏறத்தாழ 37.5 பாகை செல்சியசு வெப்பம் மாறாது நிற்றல் வேண்டும். முட்டைக்குள்ளே இருப்பதும் மூச்சு விடுகிறது. ஆகவே காற்றும் மாற வேண்டும், ஈரமும் அளவோடு இருத்தல் வேண்டும். சிறிது பிழைத்தால் ஆயிரக்கணக்கான உயிர்கள் ஓட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். தொழுவமானாலென்ன, அடைகாக்கும் பொறியானாலென்ன, இந்தத் தொழிற்சாலை விற்றது ஒரே சரக்கைத்தான் என்பது என் துணிபு. வெளியே குளிரும்போது உள்ளே ஓர் உயிரைக் காக்கும் வித்தையே அச்சரக்கு.

இரண்டாம் உலகப் போர் வந்தது. உருக்கெல்லாம் கப்பலுக்கும் பீரங்கிக்கும் போயிற்று. அமெரிக்க இராணுவ விமானப் படைக்கு வடதுருவப் பகுதிகளில் இறங்குதளங்கள் வேண்டியிருந்தன; அங்கே ஆட்கள் தங்க வேண்டும். முதல் உலகப் போரின்போது, 1916இல், பீற்றர் நிசன் என்ற பொறியியலாளர் வளைந்த தகரத்தாலான அரையுருளைக் குடிலை அமைத்திருந்தார். அதன் வழியே 1941இல் அமெரிக்கக் கடற்படையார் குவொன்செற் என்னும் தகரக் குடிலைச் செய்தனர். ஆனால் தகரம் கனமானது. உருக்கின் வெப்பக்கடத்தாறு மரத்தினதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. கடுங்குளிரிலே வெறுங்கையால் உலோகத்தைத் தொட்டவன் கையை எடுக்கும்போது தோலை விட்டுவிட்டு எடுப்பான். அந்த வேளையிலேதான் மாட்டுக்கொட்டிற் கம்பனி தன் குடிலைக் கொண்டுவந்தது.

ஜேம்ஸ்வே குடிலின் எலும்பு மரம், தோல் துணி. மரத்தாலான வளைவுகளை நான்கடிக்கு ஒன்றாக நிறுத்துவார்கள். அவற்றின்மேல், கண்ணாடி நாரை நடுவில் வைத்து இருபுறமும் துணியிட்டுத் தைத்த போர்வைகளை இழுத்துக் கட்டுவார்கள். உட்புறத்துணி எளிதில் தீப்பற்றாதது, வெளிப்புறத்துணி நீர் புகாதது. அகலம் 16 அடி. நடுவிலே நிமிர்ந்து நிற்கலாம், ஓரத்திலே குனிய வேண்டும். நீளத்துக்கு வரம்பில்லை. நான்கடி வேண்டுமானால் இன்னொரு வளைவு, இன்னொரு போர்வை. பதினாறடியை முப்பத்திரண்டாக்கலாம், வேண்டாதபோது கழற்றி இரண்டு குடிலாக்கலாம். 16 அடி நீளமுள்ள ஒரு குடிலின் எடை ஏறத்தாழ 1,200 இறாத்தல். அதாவது, இரண்டு நல்ல கறவைப் பசுக்களின் எடைகூட இல்லை. விமானத்தில் ஏற்றலாம். தச்சுவேலை அறியாத நான்கு பேர், தடித்த கையுறையைக் கழற்றாமலே, சில மணி நேரத்தில் எழுப்பிவிடலாம். வளைந்த கூரை காற்றை முட்டவிடாது வழுக்கிவிடும். பயன்படுத்துவோன் யார், அவன் எந்த நிலையிலிருந்து அதைக் கையாள்வான் என்று முதலில் எண்ணிப் பின்னரே செய்த பொருள் அது. குடியானவனுக்குக் கருவி செய்து பழகியவருக்கு அந்த எண்ணம் இயல்பாக வரும்.

போர் முடிந்த பின்னும் அக்குடில் வேலையற்றுப் போகவில்லை. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரிலும் அது பனியில் நின்றது. அதன் பின்னரே நாம் கதை தொடங்கிய இடத்துக்கு வருகிறோம்.

அதற்கு முன் ஒரு கிளைக்கதை. அட்மிரல் ரிச்சர்ட் பேர்ட் 1933இல் அந்தாட்டிக்காவுக்குச் சென்றபோது மூன்று கேர்ன்சிப் பசுக்களைக் கப்பலில் ஏற்றிச் சென்றார். பாலுக்காகவோ பத்திரிகைச் செய்திக்காகவோ என்பதில் இரு கருத்து இருக்கலாம். வழியிலே ஒரு காளைக்கன்று பிறந்தது. அதற்குப் பனிமலை என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். லிற்றில் அமெரிக்கா என்ற பாசறையில் அவற்றுக்கெனத் தொழுவம் அமைந்தது. ஆக, அந்தாட்டிக்காவுக்கு மாட்டுக்கொட்டில் புதிதன்று. அந்தப் பயணத்தில் உயிரியலாளராக இருந்தவர் போல் சைப்பிள். சாரண மாணவனாக 1928இல் முதன்முறை பேர்டுடன் சென்றவர். பிற்காலத்தில் சார்ள்ஸ் பசெல் என்பவரோடு சேர்ந்து, ஒரு சிறிய கொள்கலத்து நீர் காற்றிலே எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்து அளந்து, குளிர்காற்று உடலிலிருந்து வெப்பத்தைக் கவரும் வேகத்துக்கு ஒரு கணக்கு வகுத்தவரும் இவரே. கொள்கலமும் நீரும் மணிக்கூடும் வெப்பமானியும் இருந்தால் நம் பாடசாலைகளும் காற்றின் இச்செயலை ஓரளவுக்குச் செய்து பார்க்கக்கூடும். நாம் செய்வதில்லை.

1957 யூலை முதல் 1958 டிசெம்பர் வரை சர்வதேச பூகோள பௌதிக ஆண்டு கொண்டாடப்பட்டது. பன்னிரண்டு நாடுகள் அந்தாட்டிக்காவில் நிலையங்கள் அமைத்தன. தென்துருவப் புள்ளியிலேயே ஒன்றை அமைப்பது அமெரிக்கரின் பொறுப்பு. 1956 ஒக்ரோபர் 31ஆம் நாள் அட்மிரல் டுபெக் குழுவினரின் விமானம் அங்கே இறங்கியது. 1912இல் ஸ்கொற் குழுவினர் விட்டுச்சென்ற பின் அந்த நிலத்தில் மனிதக் கால் பட்டது அன்றே. அடுத்த மாதம் றிச்சர்ட் பவர்ஸ் என்னும் இளம் கடற்படைப் பொறியியலாளரின் தலைமையில் கட்டட வேலையாட்கள் போய்ச் சேர்ந்தார்கள். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,835 மீற்றர் உயரம், மூச்சே பாரம். பொருள்கள் வானிலிருந்து பரசூற்றில் இறங்கின. சில பனிக்குள் புதைந்தும் போயின. நிலையத்தைக் கட்ட வந்தவர்கள் நிலையம் எழும்வரை எங்கே படுப்பது? அவர்கள் முதலில் எழுப்பியது தங்களுக்கான ஜேம்ஸ்வே குடிலைத்தான். துருவத்தின் முதற் கூரை அது.

அதன் நிழலில் நின்றே மற்றக் கட்டடங்கள் எழுந்தன. 1957இல் 18 பேர் அங்கே மாரிகாலத்தைக் கழித்தார்கள். விஞ்ஞானப் பகுதிக்குத் தலைவர் போல் சைப்பிள். ஆறு மாதம் சூரியனில்லை. செத்தெம்பர் 18ஆம் நாள் வெப்பமானி மறை 74.5 பாகை செல்சியசைக் காட்டியது. அதுவரை மனிதர் உலகில் அளந்திருந்த குளிர்களில் அதுவே மிகக் கொடியது. அந்த ஆண்டின் வரலாற்றை எழுதிய நூல்களில் அட்மிரல்களின் பெயர்கள் உள. பேராசிரியர்களின் பெயர்கள் உள. போர்வையைத் தைத்தவர், வளைவை இழைத்தவர் பெயர்கள் இல. என் மாணவன் கேட்டது அப்பெயர்களை.

குடிலை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டு நகர்வதும் முறையன்று. அதில் தங்கியோர் குறையும் சொல்லியிருக்கின்றனர். அடுப்பெண்ணெயில் எரியும் கணப்பு, காற்றைச் சூடாக்கி மேலே அனுப்பிவிடும். தலைமட்டத்தில் வியர்க்கும், கால்மட்டத்தில் வைத்த தண்ணீர் உறையும். பேராசிரியர் கிங் தொழுவத்திலே கண்ட அதே வழக்கு. சாளரம் அருமை, பகலிலும் இருட்டு. அடுத்தவர் குறட்டைக்குத் திரைச்சீலை தடையாகாது. யாவற்றுக்கும் மேலாகத் தீயச்சம். உலகின் நன்னீரில் பெரும்பங்கு அந்தாட்டிக்காவில் உறைந்து கிடக்கிறது. ஆயினும் தீயணைக்க ஒரு வாளித் தண்ணீர் கிடைப்பது அரிது. 1960 ஓகஸ்ற் 3ஆம் நாள் சோவியத்தின் மேர்னி நிலையத்தில், வேறு வகைக் கட்டடமொன்றில், மூண்ட தீயில் எட்டு வளிமண்டலவியலாளர் மாண்டனர். துணியும் மரமுமான குடிலில் கணப்பை மூட்டிவிட்டுத் தூங்குவோர் அந்தச் செய்தியை மறந்து தூங்கியிரார்.

எனினும் அக்குடில்கள் நிலைத்தன. துருவத்தின் முதல் நிலையத்தைப் பனி மூடியது. 1975இல் அலுமினியக் குவிமாடமொன்று எழுந்தது. அதற்கும் காலம் முடிந்து, 2008இல் தூண்கள்மேல் நிற்கும் புதிய நிலையம் திறக்கப்பட்டது. இவையெல்லாம் மாற மாற, கோடைகாலத்தில் நிலையத்துக்குள் அடங்காத வேலையாட்களும் ஆராய்ச்சியாளரும் சற்றுத் தள்ளி வரிசையாக நின்ற ஜேம்ஸ்வே குடில்களிலேயே படுத்தெழுந்தார்கள். தற்காலிகம் என்று போடப்பட்டவை நிரந்தரமானவற்றைக் காட்டிலும் நீண்டிருப்பதை நாமும் நம் வாழ்விலே கண்டிருக்கின்றோம். அதை விரித்து எழுத இஃது இடமன்று.

2004ஆம் ஆண்டின் இறுதி முதல் 2010 டிசெம்பர் வரை, கோடைதோறும், துருவத்துப் பனியிலே ஏறத்தாழ 2,450 மீற்றர் ஆழமான துளைகளைச் சூடான நீரால் உருக்கி இறக்கினார்கள். 86 துளைகள், 5,160 ஒளியுணரிகள், ஒரு கன கிலோமீற்றர் பனிக்கட்டியே ஒரு தொலைநோக்கி. ஐஸ்கியூப் என்பது அதன் பெயர். விண்ணின் தொலைவிலிருந்து வரும் நியூத்திரினோ என்னும் துணிக்கைகளை அது பிடித்ததற்கான சான்று 2013இல் வெளியாயிற்று. துளையிட வந்தவருள் பலர் இரவில் (அங்கே கோடையில் இரவென்பது கடிகாரத்தில் மாத்திரமே உண்டு) படுத்தது அந்தத் துணிக்குடில்களில். இந்தப் பெருமுயற்சிக்குத் தலைமை தாங்கிய பல்கலைக்கழகம் எது என்று பார்த்தேன். மடிசன் நகரத்து விஸ்கொன்சின் பல்கலைக்கழகம். மாட்டின் மூச்சைக் கணக்கிட்ட கிங் கற்பித்த அதே இடம்.

இதனை வெறும் தற்செயல் என்று ஒதுக்குவோர் ஒதுக்கட்டும். கொட்டிற் காற்றைப் பற்றிய படிப்பைத் தாழ்வென்று தள்ளாத ஒரு பல்கலைக்கழகம், அதற்கு 35 மைல் அப்பால் அப்படிப்பைக் கருவியாக்கி விற்ற ஒரு பட்டறை, இரண்டும் ஒரே மண்ணில் இருந்தன. தத்துவம் மேலிருந்து கீழே வரும், கருவி அதைப் பின்தொடரும் என்றே நான் வகுப்பில் சொல்லிவந்தேன். பாடநூலின் வரிசை அப்படி. இங்கே பசுவின் குளிரில் தொடங்கிய கேள்வி பேராசிரியரிடம் போயிற்று; அவரிடமிருந்து தகரமும் மரமும் வெட்டுவோரிடம் வந்தது; அவர்கள் கையிலிருந்து துருவத்துக்குப் போயிற்று. எந்த இடத்தில் விஞ்ஞானம் முடிந்து கைத்தொழில் தொடங்கியது என்று என்னால் கோடு கிழிக்க முடியவில்லை. கம்பனி பிற்காலத்தில் கைமாறியது. ஜேம்ஸ்வே என்ற பெயர் குஞ்சு பொரிக்கும் பொறிகளில் தொடர்ந்தது.

விடை கிடைத்துவிட்டது, கேட்டவனிடம் சேர்ப்பிக்க வேண்டுமல்லவா? சென்ற ஆண்டு அவரைத் தேடிப் போனேன். அவன் என்று எழுதிய என் கை இப்போது அவர் என்றே எழுத வேண்டும், அறுபதைத் தாண்டியவர். தந்தையாரின் கம்மாலை இருந்த இடத்தில் ஒட்டு வேலைப் பட்டறை நிற்கிறது. லான்ட்மாஸ்டருக்குப் பெட்டி அடித்துக் கொடுப்பதும், கலப்பைக் கொழு மாற்றுவதும், வெங்காயத் தறைக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தம் மனப்படி செய்வதும் இப்போதைய வேலை. முகத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

"சேர், இருங்கோ."

"தம்பி, நீர் வகுப்பிலை ஒரு கேள்வி கேட்டனீர். அதுக்கு விடை கொண்டந்திருக்கிறன்."

"என்ன கேள்வி சேர்?"

சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"கேள்வி மறந்து போச்சுச் சேர். எல்லாரும் சிரிச்சது நினைவிருக்கு."

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. பிழை என்னுடையது என்று மாத்திரம் சொன்னேன். பின்னர் மேலே எழுதியவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் அவருக்குச் சொன்னேன். பசுவையும் காற்றுக் குழாயையும் பற்றிச் சொன்னபோது தலையசைத்தார். நான்கடி நான்கடியாகக் கூட்டலாம் என்ற இடத்தில் என்னை நிறுத்தினார்.

"அப்பிடியெண்டால் எல்லா வளைவும் ஒரே அச்சிலை இருக்க வேணும் சேர். ஒரு நூல் பிசகினாலும் போர்வை இழுபடாது."

"ஓம்."

"அங்கை மரம் இல்லை, மண் இல்லை. சாமான் வந்த பெட்டியளை என்ன செய்தவை?"

நான் பல நூல்களைப் புரட்டிய பின்னரே கண்டுகொண்ட செய்தி அது. இத்தனை நாளும் அதனை ஒரு சிறு குறிப்பு என்றே எண்ணியிருந்தேன்.

"பெட்டியளைத்தான் விரிச்சுத் தரையாய்ப் போட்டவை. அதுக்கெண்டே அளவு பார்த்துச் செய்த பெட்டியள்."

அவர் சிரித்தார். பிறகு உள்ளே திரும்பி, இரும்பு அரிந்துகொண்டிருந்த பெடியனைக் கூப்பிட்டு, பொறியை நிற்பாட்டச் சொல்லி, அந்தப் பெட்டிகளின் செய்தியை அவனுக்குச் சொல்லத் தொடங்கினார்.